அத்தான் கட்டிய இறங்குதுறை

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் எழுந்து முற்றம் கூட்டினேன். கிணற்றில் அள்ளிச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அத்தானின் காலைக் குளிசைகளைச் சிறிய கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். அவருடைய கால் வீக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, மேலே வர நேரமெடுத்தது. அக்கா பிட்டு அவித்தார். நான் சைக்கிளில் மருதனார்மடம் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்தேன். விலை கூடவென்று சொல்லிக்கொண்டே வாங்குவது வழக்கம், அன்றும் அப்படியே. வந்து கை கழுவி, பழைய சட்டையொன்றை மாற்றிக்கொண்டு, துறைமுகத் தண்ணீருக்கு மூன்றாவது பூச்சு வார்னிஷ் அடிக்கத் தொடங்கினேன்.

துறைமுகம் எங்கள் பின்னறையில் இருந்தது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பிளைவூட் பலகை. பலகையின் ஒரு பக்கம் காங்கேசன்துறை ஸ்ரேசன். அங்கிருந்து ஒரு தண்டவாளம் வளைந்து சுண்ணக்கல் வெளியைச் சுற்றி மீண்டும் ஸ்ரேசனுக்கு வரும். இன்னொன்று பிரிந்து கடலோரம் போய் இறங்குதுறையில் முடியும். எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு மனிதன் இரண்டு சென்ரிமீற்றர் உயரம். எஞ்சினும் பெட்டிகளும் தண்டவாளமும் கனடாவில் இருக்கும் அத்தானின் பழைய நண்பர் ஒருவர் அனுப்பியவை. மற்றதெல்லாம் அத்தான் இங்கே செய்தது. துறைச் சுவர், சாமான் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம். அதன்மேல் பைண்டர் கம் பூசி, சலித்த சுண்ணக்கல் தூளைத் தூவியிருந்தார். பாரந்தூக்கி சைக்கிள் கம்பியில். கிடங்கின் கூரை பால்மாப் பைக்கற்றின் வெள்ளித் தாளில், பென்சிலால் வரி கீறியது. கப்பல் கட்டும் குற்றிகள் தீர்ந்துபோன பேனைகளின் முனைகள். கடற்கரைப் பக்கத்துத் தண்டவாளம் போதாமல் போனபோது, இறங்குதுறைக்குச் செம்புக் கம்பியைத் தட்டி நேராக்கி, தீக்குச்சிகளை அதன் அடியில் சிலிப்பர் கட்டையாக ஒட்டினார்.

அத்தான் என் அக்காவின் கணவர். தொண்ணூறில் றெயில் நிற்கும்வரை அந்த ஸ்ரேசனில் சரக்குப் பகுதி எழுதுவினைஞராக இருந்தவர். சீமெந்துப் பெட்டிகளை இறங்குதுறைக்கு அனுப்புவதும் வெறும் பெட்டிகளைத் திருப்பி எடுப்பதும் அவருடைய வேலை. அந்த வருடம் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைவிட்டு எழும்பி வந்தோம். வீடும் காணியும் இராணுவ முட்கம்பிக்குள் போயின. பல வருடங்களுக்குப் பிறகு காணி திரும்பக் கிடைத்தபோது வீடு நின்ற இடத்தை நான் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் எங்களுக்கு மருதனார்மடத்து வாடகை வீடு பழகிவிட்டது. நான் மணம் முடிக்கவில்லை. நில அளவை அலுவலகமொன்றில் படவரைஞர். அக்காவோடும் அத்தானோடும்தான் என் சீவியம்.

ஆகவே அந்தத் துறைமுகத்தின் படத்தைக் கீறிக் கொடுத்தது நான்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார், நான் கீறுவேன். கிடங்குக்கும் விளிம்புக்கும் இடையில் எத்தனை அடி என்று கேட்டால், மூட்டை சுமந்தவர்கள் நடந்த விதத்தை நினைத்துப் பார்த்துச் சொல்லுவார். நான் கோட்டை அழித்துத் திரும்பக் கீறினால் சிரிப்பார். “உவள் கீறினால் கடலும் அடிமட்டம் வைச்சுத்தான் அலை அடிக்கவேணும்.” படம் முடிந்ததும் மூலையில் திகதி போட வேண்டுமென்றேன். நாங்கள் கீறும் எந்தப் படத்திலும் அது எந்த நாளின் நிலம் என்று எழுதியிருக்கும். வேலி நகரும், மரம் விழும், கிணறு தூரும். திகதி இல்லாத படத்தை வழக்கில் எடுக்கமாட்டார்கள்.

“திகதி என்னத்துக்கு, பிள்ளை? துறைமுகம் எழும்பி ஓடியே போகுது?”

“இது எந்த வருஷத்துத் துறைமுகம் அத்தான்?”

“நான் வேலை செய்த துறைமுகம். அது காணும்.”

மூலையை வெறுமையாக விட்டேன். அந்த வெறுமை என் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. ஏன் அவர் வருடத்தைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதே இறங்குதுறையில்தான், தொண்ணூற்றேழில், அவருடைய மகன் காணாமல் போனான்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் அவன் ஒரே பிள்ளை. எனக்குப் பெறாமகன், வயதில் எனக்கு அதிகம் குறைந்தவன் அல்லன் என்பதால் என்னைச் சின்னம்மா என்று கூப்பிட வெட்கப்பட்டு, ஆட்கள் இருக்கும்போது மட்டும் கூப்பிடுவான். அப்போது தரைப்பாதை இல்லை. கொழும்புக்குப் போவதென்றால் பதிந்து, அனுமதி வந்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலைக்குப் போக வேண்டும். அவனுக்கு அனுமதி வந்தது. நீல நிறச் சட்டை, கறுப்புப் பை. தெல்லிப்பழைப் பக்கத்துத் தடைமுகாம் வரைக்கும் அக்காவும் அத்தானும் கூடப் போனார்கள். அதற்கப்பால் பயணிகளை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர்கள் இருவரும் ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்றார்கள். பின்னேரம் கப்பல் கூவியது கேட்டது. பிள்ளை ஏறிவிட்டான் என்று வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். அக்கா பின்னாளில் எதைச் சொன்னாலும், அன்றிரவு பசித்துச் சாப்பிட்டதைத்தான் முதலில் சொல்லுவார்.

திருகோணமலையிலிருந்து செய்தி வரவில்லை. கொழும்பிலிருந்தும் வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, அதே கப்பலில் போய்த் திரும்பிய அரியாலை அம்மா ஒருவர் எங்களைத் தேடி வந்தார். இறங்குதுறையில் இரண்டு முட்கம்பிச் சுருள்களுக்கு நடுவில் வரிசையாக விட்டார்களாம். கிடங்குப் பக்கமாக ஒரு வாகனம், கண்ணாடியெல்லாம் சாக்குப் போட்டு மறைத்தபடி. உள்ளே தலையாட்டி. முகத்தை மூடிக்கொண்டு இருந்து, தலையை அசைத்து ஆளைக் காட்டிக் கொடுப்பவரை அப்படித்தான் சொல்லுவோம். அவனை வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னார்களாம். பை வரிசையிலேயே இருந்தது. திரும்பி வருவான் என்று நினைத்து அந்த அம்மா தன் பையோடு அவன் பையையும் காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாராம். கப்பல் ஏறுமிடத்தில் அதை விட்டுவிட்டு ஏறிவிட்டார். பிறகு நடந்ததை அவர் காணவில்லை. வேறு யாரும் கண்டதாகவும் சொல்லவில்லை. அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றே கேட்ட இடமெல்லாம் பதில் வந்தது.

அக்கா அந்த நாளிலிருந்து மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். வீதியோரத்தில் மற்றத் தாய்மாரோடு இருந்தார். விசாரிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கதையை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். அத்தான் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு றெயில் கட்டத் தொடங்கினார். அக்கா அந்த அறைக்குள் காலடி வைக்கவில்லை. கூட்டுவதென்றாலும் வாசலில் நின்று தும்புத்தடியை நீட்டிக் கூட்டுவார். “கொத்தானுக்குக் கோச்சி விளையாட்டு,” என்று அத்தானைப் பற்றி எனக்குச் சொல்லுவார், அவருக்குக் கேட்கும்படியாக. அவர் உள்ளே இருந்து எஞ்சினை ஒரு சுற்று விடுவார்.

முந்தின வருட முடிவில் அத்தானின் இருதயம் பலவீனமாகிவிட்டதென்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வருடமென்றாலும் அதிர்ஷ்டம் என்பதை டொக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்; அத்தான் என் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் அக்காவிடம் ஒன்றைக் கேட்கத் தொடங்கினார். தான் போவதற்கு முன் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதை எரித்து, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்யலாமென்று ஐயர் சொல்லியிருந்தார். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் தனக்குக் கொள்ளி வைப்பது யார் என்பது அவருடைய கவலை. தன் பிள்ளை பிண்டமில்லாமல் அலைகிறான் என்பது அதைவிடப் பெரிய கவலை. தாய் சம்மதிக்காமல் அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அக்கா சம்மதிக்கவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் எழுந்து குசினிக்குள் போனார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் கதிரையில் இருந்து, ஒரு மெல்லிய கம்பியில் பசை அப்பிச் செய்த சிறிய ஆளுக்குச் சட்டை நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். நீலம். காலடியில் ஊசி முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, பலகையில் குத்தி நிறுத்துவதற்கு. பிறகு துறையைப் பார்த்தேன். அதில் புதிதாக மூன்று துளைகள் இருந்தன. ஒன்று விளிம்போரம், வரிசை நின்றிருக்கக்கூடிய இடத்தில். ஒன்று கிடங்குச் சுவரோடு. மூன்றாவது, அட்டையில் செய்த கப்பலின் தட்டில்.

“இஞ்சை ஒருக்கால் வாரும்,” என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார். சத்தம் போட்டதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“அடுப்பிலை கறி கிடக்கு. உங்கடை றெயிலுக்கு நான் வந்து பச்சைக் கொடி காட்டவோ?”

“கொடி வேண்டாம். வந்து பாரும்.”

அக்கா வந்தார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வாசலில் நின்றார். அத்தான் அந்தச் சிறிய ஆளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து உயர்த்தினார். அக்கா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

“மூண்டு இடம் வைச்சிருக்கிறன். நீர் சொல்லும். எங்கை எண்டாலும் சரி. நான் பிறகு கேக்கமாட்டன்.”

அக்கா அந்த ஆளைத் தொடவில்லை. பலகையைக் குனிந்து பார்த்தார். ஸ்ரேசனைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், துறைக்கு வந்தார். எனக்கு ஒரு நிமிடம் அவர் துளைகளை எண்ணுகிறாரென்று தோன்றியது.

“உது என்ன, வரிசையா நிக்கிறது?”

“சீமெந்துப் பெட்டியள்.”

“அண்டைக்கு உது நிண்டதோ?”

“இல்லை. றெயில்தான் தொண்ணூறிலை நிண்டுட்டுதே.”

“தண்டவாளம்?”

“அதையும் சிலிப்பர் கட்டையையும் கிளப்பிப் பங்கர் கட்டக் கொண்டுபோட்டாங்கள்.”

“பிறகென்னத்துக்கு வைச்சிருக்கிறியள்? கம்பிச் சுருள் எங்கை? வாகனம் எங்கை? உங்கடை துறைமுகத்திலை என்ரை பிள்ளையை ஆர் பிடிக்கிறது? இதிலை அவன் விசிலடிச்சுக்கொண்டு போய்க் கப்பல் ஏறலாம்.”

அத்தான் அந்த ஆளை மேசையில் வைத்தார். “நான் கண்ட துறைமுகம் இது. மற்றதை நான் காணேல்லை.”

“நானும் காணேல்லை. ஆனா எனக்குத் தெரியும்.”

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். சிலிப்பர் கட்டைக்கென்று வைத்திருந்த தீப்பெட்டி மேசையில் கிடந்தது. குச்சிகளைக் கையில் கொட்டி, வெறும் பெட்டியைக் கிடங்கோரம் வைத்தார். “இதிலை வாகனம். மூக்கு கடலைப் பாத்தபடி.” குச்சிகளை இரண்டு கோடாக அடுக்கினார். “இது ஒரு சுருள். இது மற்றது. நடுவாலை சனம்.” ஒரு குச்சியை முறித்து, கோட்டுக்கு வெளியே, கிடங்குக்கும் தீப்பெட்டிக்கும் இடையில் வைத்தார். “இதிலை விலத்தி நிண்டவன்.” முறிந்த மற்றத் துண்டைக் கோடுகளுக்கு நடுவில் வைத்து, விரல் நுனியால் சிறிது சிறிதாகக் கப்பல் வரைக்கும் தள்ளினார். அது என்னவென்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. விரல் விளிம்பைத் தாண்டி என் வார்னிஷில் பட்டது. தீப்பெட்டியின் நீளத்தை என் கண் அளந்தது. அந்த அளவில் அது ஒரு வானுக்குச் சரியாக இருந்தது. அந்த நேரத்திலும் அதை அளந்தேனே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

“இருவத்தாறு வருஷமாச் சொல்லுறன்,” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “வந்தவை எல்லாரும் கேட்டவை. எழுதினவை. சிலபேர் அழுதவை. இடத்தைக் காட்டுங்கோ அம்மா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை.”

“எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?” என்றார் அத்தான். அது அந்தக் கதைக்குப் பதில் போல் இல்லை. ஆனால் அவருக்குச் சொல்ல இருந்தது அதுதான்.

“உங்கடை அண்ணையின்ரை பெடியன் வைப்பான். நான் மறிக்கமாட்டன். ஆனா புல்லிலை ஒரு பிள்ளை, கம்பியிலை ஒரு பிள்ளை எண்டு செய்து என்னட்டைக் கொண்டு வராதேங்கோ. நீங்களும் நானும் அவன் செத்துப்போனான் எண்டு சொல்லிப்போட்டமெண்டால், கொண்டு போனவங்களுக்குப் பிறகென்ன கவலை? அந்தியேட்டி செய்தாச்சு, முடிஞ்சுது எண்டுவாங்கள். அது அவனுக்குச் செய்யிறதில்லை. அவங்களுக்குச் செய்து குடுக்கிறது.”

அவர் குசினிக்குப் போய்விட்டார். கறி அடிப்பிடித்த மணம் வந்தது. அத்தான் நெடுநேரம் அந்தத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நம்பிக்கையை விடமுடியாமல் பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிள்ளை வருவான் என்று அக்கா ஒரு நாளும் சொல்லியதில்லை என்பது எனக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது. அவர் கேட்டதெல்லாம் எங்கே, யார், ஏன் என்பவை மட்டுமே.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான், “அந்த அரியாலை மனிசி இப்ப இருக்கிறாவோ?” என்று என்னிடம் கேட்டார். அவர் இறந்து பல வருடங்கள் என்றேன். “அப்ப அந்தத் துறைமுகம் கொக்காவிட்டை மட்டும்தான் இருக்குது,” என்றார், அக்கா இருந்த பக்கம் பார்த்து.

இப்போது அத்தான் இல்லை. அந்த வருடம் ஆடி மாதத்தில் போய்விட்டார். அவருடைய தமையனின் மகன்தான் கொள்ளி வைத்தான். வைப்பதற்கு முன், மகன் வராதபடியால் அவன் இடத்தில் தான் நின்று வைப்பதாக ஐயரிடம் சொல்லும்படி அக்கா அவனை அனுப்பியிருந்தார். கூடியிருந்தவர்களில் சிலர் முகத்தைச் சுழித்தார்கள். பிறகு, செத்தவீட்டில் வழக்கமாகக் கதைப்பவற்றைக் கதைத்தார்கள். கீரிமலையில் அந்தியேட்டி ஒருவருக்கு மட்டுமே நடந்தது. பின்னறையைத் தூசி தட்டுவது இப்போது அக்காவின் வேலை. பலகையைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். எஞ்சினை விட்டுக் காட்டுவேன். அது ஸ்ரேசனிலிருந்து புறப்பட்டுச் சுற்றி வரும். கடலோரம் போகும் கிளையில் சிறிது தூரம் போய், தண்டவாளம் முடிந்து வெறுந்தரை தொடங்குமிடத்தில் நின்றுவிடும். ஏன் துறைமுகத்துக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். அக்கா அவர்களைக் கூப்பிட்டு, கம்பிச் சுருள்களையும் வாகனத்தையும் காட்டி, முதலிலிருந்து சொல்லுவார். கடந்த மாதம், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த இரண்டு பேர் அந்தப் பலகையின் முன்னால் நின்று அதைக் கேட்டார்கள். ஒருவர் படம் எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்கோ, எல்லாப் பக்கத்தாலையும் எடுங்கோ என்றார் அக்கா. பதில் எதுவும் வந்து சேரவில்லை. வரும் என்று நான் எழுதவும் இல்லை.

அத்தான் அந்த ஐந்து மாதங்களும் அக்கா சொல்லச் சொல்ல வேலை செய்தார். நான் புதிதாக ஒரு படம் கீறினேன். அதற்குத் திகதி போட்டேன். நீலச் சட்டைக்காரனை எங்கேயும் நிறுத்தவில்லை. கிடங்கோரத் துளையைச் சுற்றி ஒரு விரலளவு இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே எதையும் வைக்கக்கூடாதென்பது அக்காவின் கட்டளை. மற்ற இரண்டு துளைகளையும் அத்தானே பசையால் அடைத்தார்.

ஆனால் இதற்கெல்லாம் தொடக்கம் மறுநாள், பெப்ரவரி 13 ஆம் திகதி, திங்கட்கிழமை காலை. நான் எழுந்தபோது பின்னறையில் விளக்கு எரிந்தது; முற்றம் கூட்டாமல் அங்கே போனேன். அத்தான் குளிசை போடவில்லை, தேநீர் குடிக்கவில்லை. சீமெந்துப் பெட்டிகள் ஆறும் ஒரு சுளகில் கிடந்தன. அவர் நின்றபடி, காய் வெட்டும் கத்தியின் நுனியைச் செம்புக் கம்பிக்கு அடியில் கொடுத்து, இறங்குதுறைத் தண்டவாளத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார். தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக முறிந்து, வெள்ளைத் தூளோடு பெயர்ந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் நின்று மூச்செடுத்தார். எதிர்ப்பக்கத்தில் அக்கா, பலகை ஆடாமல், இரண்டு கைகளாலும் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.